குட்டி வேண்டாம்

நியூசிலாந்துக்குக் கிளம்பும் முன்பே அப்பாவுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்றாள் ரெஜினா. அம்மா இறந்தபின் அந்த வீட்டில் அவர் மட்டும்தான்.

"போய்ச் சேந்துட்டு யார்ட்டயாவது சொல்லி வாங்கிக் குடுப்போம். இப்ப வாங்குனா நீதான் விட்டுட்டு வரமாட்ட," என்றான் அவள் கணவன் அமல்ராஜ். இருவருக்கும் தினமும் இதே பேச்சு. எண்பதை நெருங்கும் அப்பா சவரிமுத்துவிடம் யாரும் கேட்கவில்லை.

கடைசியில் ரெஜினா அவரை நாய்கள் காப்பகத்துக்கு அழைத்துப் போனாள். ஒரு வெள்ளைக் குட்டி மடியில் ஏறி அவர் சட்டைப் பித்தானைக் கடித்தது. அவர் சிரித்துக்கொண்டே அதன் வயிற்றைத் தடவினார்.

"இது எத்தன வருசம் இருக்கும்ளா?"

"பன்னெண்டு, பதிமூணு இருக்கும்ப்பா."

குட்டியை மெதுவாக இறக்கிவிட்டார். மூலையில் படுத்திருந்த கிழட்டு நாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அது தலையைத் தூக்கவில்லை. வாலை மட்டும் அசைத்தது.

"அதுக்குக் கிட்னி போச்சு ஐயா. ரொம்ப நாள் தாங்காது," என்றாள் காப்பகத்துப் பெண்.

"அப்ப இதுதாம்மா சரியா இருக்கும்."

"அப்பா," என்றாள் ரெஜினா.

அவர் திரும்பவில்லை. நாயின் பின்னங்கால்களுக்கு அடியில் கைகொடுத்து, அதை எழுப்பி நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார்.