சிரோமின்

“ஆல்கஹாலா? யாரைக் கேட்டு மாத்தினே?”

பேராசிரியர் வேதசிரோமணி போட்ட சத்தத்தில் தாம்பரம் ஸ்டேஷனில் நின்ற ரயிலே கிளம்பியிருக்கும். கெமிஸ்ட்ரி லேபில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆராய்ச்சி மாணவி ஞானசௌந்தரி தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆல்கஹால்ல ஒண்ணுமே இறங்கலை சார். அதான் ஒரு சந்தேகமா...”

“சந்தேகமா? என் சிரோமின் மேலயா?”

சங்கங்குப்பிச் செடியின் வேரிலிருந்து பல வருஷத்துக்கு முன் அவர் பிரித்தெடுத்த வெள்ளைப் பொருள்தான் சிரோமின். டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்ததும் அதுதான். பெயரைக்கூடத் தன் பெயரிலிருந்தே பிய்த்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு ரிடையர்மென்ட் விழா. பேசுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பேசப் போகிறார்கள்.

“பர்மிட் போட்டு வாங்கின ஸ்பிரிட்! குடிக்கிறவனுக்கே கிடைக்காத மதுவிலக்குக் காலத்துல நீ வேர்ல ஊத்தி விளையாடறே!”

“விளையாடலை சார்...”

“மெழுகு மாதிரிப் பொருளுக்குப் பெட்ரோலியம் ஈதர்தான்னு பி.யு.சி. பையனுக்குக்கூடத் தெரியும். எதை எதுல கரைக்கணும்னு தெரியாதவளுக்கு ஆராய்ச்சி என்ன கேடு? உன் ஸ்காலர்ஷிப் பேப்பர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். போ, எங்கேயாவது ஸ்கூல்ல டீச்சரா இரு!”

அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. அந்த ஸ்காலர்ஷிப்பில்தான் ராஜகீழ்ப்பாக்கத்தில் அவள் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

மேஜைமேல் காலையிலிருந்து, சாரம் இறக்கும் கண்ணாடி அடுக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மேலே காகிதக் குழாய். வேர்த்தூளை அதில் போட்டால், ஈதர் மேலே ஏறி, தூளில் ஊறி, சாரத்தோடு கீழே குடுவைக்கு இறங்கும்.

“இதுல இருக்கிறது ஈதர்தானே?”

“ஈதர்தான் சார். ஆனா இதுல...”

“ஆனாவும் வேண்டாம், ஆவன்னாவும் வேண்டாம்! தள்ளு! என் கையால எடுத்துக் காட்டறேன், பார்த்துக் கத்துக்கோ.”

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கண்ணாடி மூட்டுகளைக் கழற்றி, ஆவி கசியாமலிருக்க ஒவ்வொன்றிலும் விரலால் தாராளமாக வாசலின் பசை தடவி மாட்டினார். வாசலின் தடவாமல் அவர் லேபில் எந்த மூட்டும் ஏறக்கூடாது. ஆரம்பத்திலிருந்தே அது அவர் போட்ட சட்டம்.

இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். பிறகு குடுவையிலிருந்ததைக் கிண்ணத்தில் ஊற்றி, வெந்நீரில் வைத்து ஈதரை விரட்டினார்.

அடியில் வெள்ளையாக, மெழுகு மாதிரி படிந்திருந்தது.

“வந்துடுச்சு! எல்லாரும் வாங்க!”

அட்டெண்டர் துரை கை தட்டினான். பக்கத்து அறையிலிருந்து தாவரவியல் ஆசிரியர் தோத்தாத்ரியும் ஓடி வந்தார்.

“பார்த்தீங்களா? இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் வரலையாம். எனக்கு மட்டும் எப்படி வருது? கைப்பக்குவம்யா, கைப்பக்குவம்!”

வேரையும் காட்டலாமென்று மேலேயிருந்த காகிதக் குழாயை உருவினார்.

கனமே இல்லை. எட்டிப் பார்த்தார். உள்ளே வேரும் இல்லை, தூளும் இல்லை.

இதைத்தான் அவள் சொல்ல வந்திருக்கிறாள். வேரே போடாமல் வெறும் ஈதரை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரு வாக்கியத்தைக்கூட அவர் முடிக்க விடவில்லை.

அப்படியானால் கிண்ணத்தில் இருப்பது?

விரலைப் பார்த்தார். வாசலின் பளபளத்தது. ஈதரில் கரையும், ஆல்கஹாலில் கரையாது. சிரோமினை முதலில் எடுத்த அன்றைக்கும் இதே ஈதர்தான், இதே வாசலின்தான்.

“பிரமாதம் சார்!” என்றார் தோத்தாத்ரி. “எவ்வளவு வேர் போட்டேள்?”

வேதசிரோமணி காகிதக் குழாயை உள்ளங்கைக்குள் கசக்கி மறைத்தார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பட்டமும் விழாவும் மானமும் மொத்தமாகப் போய்விடும். அவளை ஏறிட்டுப் பார்க்கக்கூட அவருக்கு முகமில்லை.

ஞானசௌந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“நூறு கிராம் சார். நான்தான் நிறுத்துப் போட்டேன்.”