நின்றுகொண்டு வருகிறவர்கள்

ஆறாவது திருப்பம் வரைக்கும் அவளை விட்டுப் பிரியாமல்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அவள் என்றால் அவளுடைய வண்டி. கண்ணாடியில் செய்தது மாதிரி இருக்கும். அதற்குள்ளேயே புகுந்து ஓட்டலாம், இடிக்காது.

இந்தக் கார்ப் பந்தய விளையாட்டில், அதுவரைக்கும் வேகமாகச் சுற்றி வந்தது யாரோ, அவருடைய சுற்று மட்டும் இப்படிக் கண்ணாடி வண்டியாகத் தங்கிவிடும். அடுத்து உட்காருகிறவர் அதைத் துரத்த வேண்டும். முந்தினால் நம் வண்டி தங்கும். முந்தாவிட்டால் நாம் உட்கார்ந்ததற்கே அடையாளம் இருக்காது.

நான் காலை ஷிஃப்ட் பஸ் டிரைவர். என் மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் மத்தியான ஷிஃப்ட். நான் வீட்டுக்கு வரும்போது அவள் கிளம்பிப் போயிருப்பாள். எங்கள் குடித்தனத்தில் பாதி, ஸ்டியரிங்கும் பெடலும் மாட்டிய இந்தக் கம்ப்யூட்டர் மேஜையில்தான் நடந்தது. மத்தியானம் நான் அவளை அரை நொடி முந்துவேன். மறுநாள் காலையில் அவள் என்னைக் கால் நொடி முந்திவிட்டு வேலைக்குப் போவாள். ராட்சசி.

பத்தொன்பது நாளாகப் பேச்சு இல்லை.

வெளியூர்க் கிளையில் லேபுக்கே தலைமைப் பொறுப்பு என்று அவளுக்குக் கடிதம் வந்தது. என்ன சொல்றீங்க என்று கேட்டாள். போறதுன்னா போ என்றேன். நானும் பின்னாடியே வந்துடறேன் என்கிற மீதி வெளியே வரவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக் கெட்டவன்.

அந்த மீதியை அதே ஊர் டெப்போவுக்கு மாற்றல் விண்ணப்பமாக எழுதி, நாலு நாளாக யூனிஃபார்ம் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். ராத்திரி அவள் வரும்போது எடுத்து நீட்டினால் போதும். பாழாய்ப்போன கை எழும்ப மாட்டேன் என்கிறது.

அவள் கடிதத்தில் கடைசியாக ஒரு கேள்வி. தங்குமிடம் தனி ஆளுக்கா, குடும்பத்துக்கா? பக்கத்தில் இரண்டு கட்டம். இன்றைக்கு ஐந்து மணிக்குள் ஒன்றில் டிக் அடித்து அனுப்ப வேண்டும்.

பேச்சு நின்றதற்கு மறுநாள் காலையில் அவள் போட்டுவிட்டுப் போன சுற்றை முந்த முடியாமல், தினமும் இருபது சுற்றாவது ஓட்டியிருப்பேன். அவளுக்கு எப்படித் தெரியும்? காலையில் திறந்து பார்த்தால் அவள் வண்டியையே அவள் துரத்த வேண்டும். இந்த மனுஷன் நாற்காலியில்கூட உட்காரவில்லை என்றுதானே நினைப்பாள்.

இன்றைக்கு நான் வந்தபோது ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேனை அணைக்காமல் போனால் என்னை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள். கூடத்து ஃப்ரிட்ஜ் கதவில் அவள் ஒட்டி வைத்திருந்த கடிதமும் இல்லை. விட்டுப் போகிற வீட்டில் ஃபேன் ஓடினால் என்ன என்று நினைத்துவிட்டாளா? சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே கொளுத்துகிற வெயில். திரைக்குள் எப்போதும் விடிகாலை. சாலையோரப் புல்லில் பனி, மரங்களுக்கு நடுவே புகை மாதிரி வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அவளும் நானும் மட்டும். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன். ஒரே தூக்கத்தில் இரண்டு பேரும் கனவு காண்கிற மாதிரி இருந்தது. இது முடியாமல் இப்படியே போனால் தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாவது திருப்பத்துக்கு முன்னால் நீண்ட இறக்கம்.

நான் கோட்டை விடுவது இங்கேதான். இருநூறு மீட்டர் பலகை, அப்புறம் நூறு மீட்டர் பலகை. இந்தச் சுற்றில் அவள் நூறைத் தாண்டித்தான் பிரேக்கைத் தொடுகிறாள். தொட்டால் ஒரே மிதி. அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். கைபடப் பேப்பரில் எழுதி மேஜையிலேயே ஒட்டியிருக்கிறேன்.

கால் கேட்க வேண்டுமே. இருபத்தொரு வருஷமாகப் பஸ் ஓட்டிய கால். இருநூறு வந்ததும் முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். ஒருத்தி இடுப்பில் குழந்தை. ஒரு பெரியவர் கம்பியை விட்டுவிட்டுச் சில்லறை தேடுகிறார். கால் தானாக, மெல்ல, யாரும் சாயாமல் அழுத்தத் தொடங்கும்.

இருநூறு வந்தது. கால் அசைந்தது. கண்ணாடி வண்டி என்னை விட்டு விலக ஆரம்பித்தது.

"பிரேக்குக்கு இப்பவே என்ன அவசரம்? பின்னாடி நிக்கறது நான் ஒருத்திதான்."

நூறு மீட்டர் பலகை வந்தது.

மிதித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக முழுசாக மிதித்தேன். காலை எடுக்கத் தோன்றவில்லை. வண்டி நடுச்சாலையில் நின்றே போனது.

திரும்பினேன். சமையலறை வாசலில் அவள். வேலைக்குப் போகிற புடவை இல்லை, வீட்டில் உடுத்துகிற பழைய புடவை. ஒரு கையில் கடிதம், ஒரு கையில் மூடி திறக்காத பேனா. இருபது சுற்றையும் நின்றுகொண்டே பார்த்திருக்கிறாள்.

பையிலிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினேன். வியர்வையில் மடிப்பெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. பிரித்துப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.

திரையில் கண்ணாடி வண்டி தனியாகப் போய் முடிவுக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். நாங்கள் பார்க்கவில்லை.