நாற்பத்தொன்றாவது விளக்கு

“அந்தப் பட்டனை அழிச்சிடு. இல்லேன்னா இன்னிக்கு விழாவே கிடையாது.”

சொன்னவர் பேராசிரியர் சீனிவாசகம், கல்லூரியின் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்துக்கு ஆலோசகர். சிவகாசி வெயிலிலும் டை கட்டுகிற மனுஷன். சென்னையிலிருந்து வந்தவர் என்று ஊருக்குள் பேச்சு. சொந்தபந்தம் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

மேடையோரம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த வேல்விழி அசையவே இல்லை. ஐக்கியத்துக்கான அந்த ஆப், ஆறு மாதம் மாடாய் உழைத்து அவள் செய்தது. இன்றைய விழாவே அதன் வெளியீட்டுக்குத்தான். கூடுகை நேரம், வேதபாடம், ஜெபக்குறிப்பு என்று கேட்டதெல்லாம் அதில் இருந்தது. கேட்காத ஒன்றும் இருந்தது. அதுதான் வம்பாகிப் போனது.

“எதுக்கு சார் அழிக்கணும்? நம்ம ஐக்கியத்துல நாப்பது புள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ பட்டாசு கம்பெனியிலதான் இருக்காக. உள்ள போகும்போதே ஃபோனைக் கேட்டுல வாங்கி வச்சிருவாக. எங்கிட்டாவது டமார்னு கேட்டா, நாங்க யாருக்கு ஃபோன் போட?”

அதற்குத்தான் அந்தப் பட்டன். அதைத் தொட்டால், வேலைக்குப் போனவர் பெயருக்கு நேரே சிவப்பு விளக்கு தெரியும். அவர் கேட்டுக்கு வெளியே வந்து, ஃபோனை வாங்கி ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் பச்சையாகிவிடும். வகுப்பில் இருக்கிற பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வரும்.

“இது ஜெபத்துக்கான ஆப். ஃபேக்டரி வருகைப் பதிவேடு இல்ல” என்ற சீனிவாசகம், அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “இந்த மண்டபத்தைக் கட்டிக் கொடுத்ததே பட்டாசு முதலாளிங்க. முதல் வரிசையில உட்காரப் போறாங்க. அவங்க முன்னால போய் விபத்து, அது இதுன்னு பேசினா முகம் சுளிக்க மாட்டாங்களா?”

“சுளிச்சாச் சுளிக்கட்டும். எங்கம்மா அங்கன வெடிமருந்துக்கு நடுவுல உக்காந்திருக்கா.” வேல்விழி எழுந்தே விட்டாள். “அந்தப் பட்டன் போச்சுன்னா ஆப்பே போச்சு சார். மொத்தத்தையும் அழிச்சிட்டு நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போறேன். நீங்க பழையபடி நோட்டீஸ் அடிச்சு ஒட்டிக்கோங்க.”

“திமிரு பிடிச்ச பொண்ணு!”

“ஆமா சார். அம்புட்டும் திமிருதான்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாசலில் கார்கள் வந்து நிற்கவே, டையைச் சரிசெய்துகொண்டு வரவேற்க ஓடினார்.

வேல்விழி பெயர்ப் பட்டியலை இன்னொரு தரம் பார்த்தாள். நாற்பது வீட்டுக்கும் நடையாய் நடந்து, அவளே கேட்டு ஏற்றிய பெயர்கள். “எந்தச் சாமிக்குச் செஞ்சா என்ன, நான் வெளிய வந்தது எம்புள்ளைக்குத் தெரிஞ்சாச் சரி” என்று அம்மா கருப்பம்மாள்தான் முதல் பெயரைக் கொடுத்தாள். ஆனால் இன்றைக்குத் திரை நாற்பத்தொன்று காட்டியது.

கடைசியாக இருந்த பெயர் மூக்கம்மாள். அப்படி ஒரு பெயரை அவள் ஏற்றவே இல்லை. சோதனைக்காக ஐக்கியத்து வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைப் போட்டது தப்பாகப் போயிற்று; அதைத் திறக்கிற யாரும் பெயர் சேர்க்கலாம். எவனோ விளையாடியிருக்கிறான் என்று பல்லைக் கடித்தாள். அழிக்க நேரமில்லை.

போதகர் ஜெபித்து முடித்தார். பெரிய திரையில் ஆப் விரிந்தது. வேல்விழி மைக்கைப் பிடித்து, முதல் வரிசையைப் பார்த்தே பேசினாள்.

“இதுல முதல் ஜெபக்குறிப்பு நான்தான் போட்டிருக்கேன். காலையில பட்டாசு கம்பெனிக்குள்ள போனவுக எல்லாரும் சாயங்காலம் வெளிய வரணும். அது தெரியறதுக்குத்தான் இந்தப் பட்டன்.”

முதலாளி ஒருவர் முகம் கறுத்தது. சீனிவாசகம் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் பட்டாசு கம்பெனிகள் இருக்கிற ஆனைக்குட்டம் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. கம்பெனியில் சாம்பிளுக்கு வெடித்துப் பார்க்கிற சத்தத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை அந்த மண்டபத்தில் ஒருத்தர்கூடக் கிடையாது.

“ஏசப்பா!” என்று யாரோ ஒருத்தி அலறினாள். முதல் வரிசைக்காரர்கள் ஃபோனைக் காதில் வைத்தபடி வெளியே ஓடினார்கள். வேல்விழி பட்டனைத் தொட்டாள். திரை முழுக்கச் சிவப்பு.

ஐந்து நிமிஷம் ஒன்றுமே மாறவில்லை. பிறகு ஒரு பச்சை.

“எங்கப்பா! எங்கப்பா வந்துட்டாக!” என்று ஒருத்தி துள்ளினாள். அப்புறம் நாலு, பத்து, இருபது. வேல்விழியின் கண் ஒரே பெயரில் நின்றது. கருப்பம்மாள் பச்சையானபோது அவள் மேடையிலேயே உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதாள்.

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஒன்று மட்டும் சிவப்பாகவே நின்றது, அந்த விளையாட்டுப் பெயர்.

வேல்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஆறு மாத ஆத்திரமும் மைக்கில் வந்தது. “இப்பச் சொல்லுங்க சார். அழிக்கவா?”

சீனிவாசகம் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. இத்தனை வருஷம் யாரும் அவரிடம் கேட்டிராத இந்த ஊர்ப் பேச்சு அவர் வாயிலிருந்து வந்தது.

“அழிச்சிராத தாயி. எங்க ஆத்தா மூக்கம்மாளுக்கு இன்னும் பச்சை எரியல.”