கையில் சுற்றிய கயிறு

வெட்டிக்கொண்டிருந்த கிணற்றின் பக்கச் சுவர் சரிந்து ஞானசிகாமணியை மூடியபோது, அவன் இடுப்பில் கட்டிய கயிறு மட்டும் மண்ணுக்கு வெளியே நின்றது. மறுநுனி அவன் மனைவி தங்கக்கனியின் கையில். எங்கள் கிணறு வெட்டும் வேலையில் பேச்செல்லாம் கயிற்றில்தான். மேலிருந்து இழுத்தால் ‘இருக்கியா’ என்று கேள்வி. கீழிருந்து இழுத்தால் ‘இருக்கேன்’ என்று பதில். காலையில் மண் சரிந்ததிலிருந்து அவள் இழுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் வரவில்லை. மண் மறுபடியும் சரியத் தொடங்கியதால், அவனை எடுக்கத் தோண்டிக்கொண்டிருந்த நாங்களும் மேலே ஏறிவிட்டோம்.

“விட்ருங்கக்கா. ஊர்க்காரங்க கிணத்த மூடிரச் சொல்லுதாங்க” என்றேன்.

“பயமா இருந்தா நீ வீட்டுக்குப் போலே. நான் ஆண்டவர்கிட்ட சொல்லியிருக்கேன்.”

அவள் சபைப் பாஸ்டர் வந்தார். “விசுவாசிம்மா. ரெண்டு கையையும் உயர்த்தி ஸ்தோத்திரம் சொல்லு.”

“அப்போ கயித்த யாரு பிடிக்க, ஐயா?”

அவர் கிணற்றுக்குள் பார்த்தார்.

அவள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். தொய்ந்து கிடந்த கயிறு விறைத்தது. கண்ணை மூடி நெடுநேரம் ஜெபித்தாள். கோயில் பக்கமே போகாத நானும் ஆமென் என்றேன். அவள் கையை இறக்கினாள்.

கயிறு தொய்ந்திருக்க வேண்டும். தொய்யவில்லை. கை இறங்கிய அளவு கயிற்றைக் கீழே அவனோ, சரிகிற மண்ணோ உள்ளே வாங்கியிருந்தது.

“இருக்காரு” என்றாள்.

நான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன். கீழே மண் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.