டீக்கடையிலிருந்து வளைவுக்கு

ஏரியை ஒட்டி நீலப் பேனாவால் கோடு இழுத்தாள்.

படகுத்துறை. அங்கிருந்து பேரிக்காய்த் தோப்பு. அப்புறம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிக் கிடக்கும் ரோடு, அங்கே போட்டோவுக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் இந்த டீக்கடை.

டீக்கடைக்கு வந்ததும் பேனா நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து பதினோரு பேர் வருகிறார்கள். கல்லூரி வாத்தியார்கள். ஏற்காட்டைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். அவளுடைய வீட்டுக்காரன் பெலிக்ஸ் போனபிறகு வரும் முதல் கூட்டம்.

அவள் அழவில்லை.

கல்லறைத் தோட்டத்திலும் அழவில்லை, இந்த நாலு மாதமும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றது ஊர். ஊர் வாய் சும்மா இருக்குமா? அவளுக்கு அதுவும் உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல மனசு மரத்துக் கிடந்தது.

"அந்தக் கொண்டை ஊசி வளைவு வேணாம் அண்ணி," என்றான் ஜெரோம். பெலிக்ஸின் தம்பி. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "எஸ்டேட் வழியாத் திருப்பி விட்டுரலாம். நாலு கிலோமீட்டர் கூடப் போகும். போனாப் போகுது."

"அங்கேருந்து பார்த்தாத்தானே ஏரி முழுசாத் தெரியும்."

அவள் எழுந்து சைக்கிளை எடுத்தாள்.

அது அவர்கள் தொழிலின் வழக்கம். கூட்டம் வருவதற்கு முன்னால், இருப்பதிலேயே மெதுவாக ஓட்டுகிற ஆள் வழியை ஒருதடவை ஓட்டி நேரம் குறிக்க வேண்டும். அந்த ஆள் எப்போதும் அவள்தான். என் ஆமை ஏறிட்டா ஊரே ஏறிரும் என்று கஸ்டமர்களிடம் சொல்லிச் சிரிப்பான் பெலிக்ஸ்.

டீக்கடையிலிருந்து வளைவுக்குப் பதினெட்டு நிமிடம். பழைய தாளில் அவன் எழுத்தில் இருக்கிறது. நல்ல ஏற்றம், பாதி தூரம் இறங்கித் தள்ளித்தான் போவாள்.

அவன் செத்த அன்றைக்கும் பதினெட்டுதான்.

பெலிக்ஸ் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக முன்னால் போயிருந்தான். அவள் கடைசி ஆள். டவர் எடுக்காத இடம், அதனால் விசில். மூன்று தடவை ஊதினால் மேலே வா என்று அர்த்தம். பஞ்சர் என்றாலும் மூன்று, காட்டெருமை வழியை மறித்து நின்றாலும் மூன்று. ஆள் விழுந்தால் எத்தனை என்று இரண்டு பேரும் யோசித்து வைக்கவில்லை.

அவள் டீக்கடையை எட்டும்போது மூன்று கேட்டது.

பஞ்சர் என்று நினைத்தாள். வழக்கம்போல இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள்.

அவன் ஏரியைக் கை காட்டிப் பேசிக்கொண்டே ஓர் அடி பின்னால் வைத்திருக்கிறான். கீழே பாறை. வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள், அவன் கொடுத்து வைத்திருந்த விசிலை ஊதிவிட்டு அவளுக்காகக் காத்து நின்றார்கள். பக்கத்து எஸ்டேட்டில் ஜீப் நிற்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"ஒரு பத்து நிமிஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாம்மா," என்றார் டாக்டர். போகிற போக்கில் சொன்னதுதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மிதித்தாள்.

இறங்கவில்லை. தள்ளவில்லை. முதல் ஏற்றத்திலேயே தொடை கடுத்தது. காப்பிப்பூ வாசம் வந்தது, அதற்காக அவள் நிற்கவில்லை. பாதி வழிக்கு மேல் மூச்சு வாய் வழியாகப் போய் வந்தது.

வளைவு.

ஏரியைப் பார்க்கவில்லை. பாறையைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள்.

பதினொரு நிமிடம்.

பதினெட்டில் பதினொன்று போனால் ஏழு. விழுந்தடித்து வந்திருந்தாலும் ஏழு நிமிடம்தான் முந்தியிருப்பாள். டாக்டர் சொன்னது பத்து. அவன் பிழைத்திருக்க மாட்டான். தப்பு அவள்மேல் இல்லை.

நிம்மதி வர வேண்டும். வரவில்லை.

வந்தது பயம். நாலு மாதத்தில் முதல் தடவையாக ஏதோ உறைத்தது.

தப்பு அவளுடையது என்றால், அவன் பிழைக்க ஒரு வழி இருந்தது என்று ஆகும். இத்தனை நாளும் அவள் அந்த வழியில்தான் அவனோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். அதுவும் இல்லையென்றால் அவன் செத்துப்போனான், அவ்வளவுதான்.

சைக்கிளைத் திருப்பினாள். இறக்கம் முழுக்க பிரேக் பிடிக்காமல் டீக்கடைக்கு வந்து நின்றாள்.

ஜெரோம் பேனாவைத் திறந்தான். "எவ்வளவு போடட்டும் அண்ணி?"

"பதினொண்ணு."

"அய்யோ, வாத்தியாருங்க உசுரு போயிரும்," என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் காதில் அது விழவில்லை. முதுகுப் பையைக் கழற்றி பெஞ்சில் வைத்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். சைக்கிளில் கட்டியிருந்த பஞ்சர் பெட்டியை அவிழ்த்தாள். இரண்டு டயரையும் அமுக்கிப் பார்த்தாள். சீட்டை ஒரு விரற்கடை உயர்த்தி முறுக்கினாள்.

"மறுபடியும் எதுக்கு அண்ணி? பழைய பதினெட்டையே போட்டுரலாமே."

பதினெட்டில் எட்டு போனால் பத்து. அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"எட்டுல போயிரலாம், தம்பி," என்றாள். "நீ தாள்ல எதுவும் எழுதாதே."