பனிக்காலத்துச் சோளன்

ஆய்வாளர் கலாநிதி அழகரத்தினம் பொன்னாடையைப் போர்த்தியதும் ஏறாவூர் மீனவர் அசனார் கூச்சத்தில் நெளிந்தார். செங்கலடி வாவி ஆய்வு நிலையத்தில் பொன்னாடை என்றால் அமைச்சர்மாருக்கு மட்டுந்தான். தோணிக்காரர் ஒருவருக்கு விழுவது இதுவே முதல் தடவை.

அழகரத்தினத்துக்கோ அன்று கால் தரையில் பாவவில்லை. பாதி உலகம் பனியில் உறைந்து கிடந்த காலத்துச் சேறு வாவிக்கு அடியில் ஆறு மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அதில் அவர் சோளன், அதாவது மக்காச்சோளப் பூவின் மகரந்தத்தைக் கண்டுபிடித்திருந்தார். மகரந்தத்தின் ஓடு ஆயிரமாயிரம் வருடம் போனாலும் உக்காது, எந்தப் பூவின் தூள் என்று பார்த்தே அந்தக் காலத்தில் என்ன முளைத்தது என்று சொல்லிவிடுவார்கள்.

போர்த்துக்கேயர் வந்த பிறகுதான் சோளனும் இந்தப் பக்கம் வந்தது என்று படித்தவர்கள் எல்லாம் நம்பிக்கொண்டிருக்க, நம்முடைய ஆள் அதைப் பன்னிரண்டாயிரம் வருடம் பின்னுக்குத் தள்ளிவிட்டார். இனிப் பேராசிரியர் பதவிதான் பாக்கி. அதைக் கொடுக்கப்போகிற மூன்று பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

உதவியாளர் மேனுகா மட்டும் முதல் நாளிலேயே முகத்தைச் சுளித்தாள். தூள் நேற்றுப் பூத்தது மாதிரி இருக்கிறதே, சேறும் கொஞ்சமும் நாறவில்லையே, இன்னொரு தரம் எடுத்துப் பார்ப்போமா என்று கேட்டாள்.

"எனக்கே படிப்பிக்க வாறீரோ, மேனுகா?" என்று அவர் போட்ட போட்டில் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

வாவியின் நடுவே தோணியை நிறுத்திக் குழாயை இறக்கிச் சேறெடுக்க உதவியவர் அசனார்தான். அன்று நிலையத்து வான் வண்டி பழுதாகிவிட, சேறு நிறைந்த குழாயைத் தன் வீட்டு வளவில் வைத்திருந்து மறுநாள் ஆட்டோவில் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரே. குழாயைக் கழுவித் துடைத்தும் வைத்திருந்தார். இப்படி ஒரு பொறுப்பான மனிதரை எங்கே பார்ப்பது என்று கலாநிதி மேடையில் உருகினார்.

உருகி முடித்து, மைக்கை அசனாரின் கையில் திணித்தார். இந்தச் சாதனையில் உங்கள் பங்கை நீங்களே சொல்லுங்கள் என்றார். கமராக்கள் அந்தப் பக்கம் திரும்பின.

அசனார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் என்ன பெரிசாச் செஞ்ச, சேர்? வாவிச் சேறு ஒரே நாத்தம், அதையா உங்கட கந்தோருக்குக் குடுக்கிற எண்டு கொட்டிப்போட்டு, என்ட சோளன் தோட்டத்து நல்ல மண்ணா அள்ளி நிரப்பித் தந்தன்."