ஊட்டப் பழகும் கை

"அவசரப்படாதே. அவ வாயைத் திறந்த பிறகுதான் ஸ்பூன் உள்ள போகணும்." கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லி, ரோபோவின் கையைப் பிடித்து மனைவிக்கு சூப் ஊட்டப் பழக்கிக்கொண்டிருந்தார் கணவர்.

"போதுங்க, வயிறு முட்டிடுச்சு."

"இன்னும் ஒரே வாய். டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? சீக்கிரம் பழக்கியாகணும்."

மறக்கக்கூடியதா அது? அவள் விருட்டென்று எழுந்து, தன் நாற்காலியில் அவரை உட்காரவைத்தாள்.

"கை முடங்கப்போறது உங்களுக்கு. இது என் வாயைப் பழகி என்ன பிரயோஜனம்? ம், திறங்க."

இப்போது ரோபோவின் கையை அவள் பிடித்தாள். ஸ்பூன் அவர் வாயருகே வந்ததும் குனிந்து, சூடு போக ஊதினாள்.

"அதுக்கு ஊதத் தெரியாதே!"

"அதை மட்டும் சொல்லித்தர மாட்டேன்."